அடங்கியதை நம்பாதவள்

ராஜபாளையம் மில்லின் சங்கு முதுகுக்குப் பின்னால் ஊதி ஓய்ந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு வேட்டி, சில சட்டைகள், ஒரு போர்வை. காசநோய் மாத்திரை அட்டையை அறையின் ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிட்டேன். இன்னும் நான்கு மாதம் அதை விழுங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பஸ் ஏறியிருக்கலாம். வேண்டுமென்றேதான் நடந்தேன். இடது பக்கம் மலை கூடவே வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வாங்கவில்லை. இருமலும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இப்படியே போய்விட்டால் நோய் என்னை விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து திருப்பூர். அதற்கு மேல் யோசிப்பது என் வழக்கமில்லை.

மொபெட் சத்தம் கேட்கும்போது மட்டும் சாலையை விட்டு இறங்கித் தென்னந்தோப்புப் பக்கம் ஒதுங்கினேன். அவளாக இருந்துவிடக் கூடாது.

அவள் அரசு ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தவள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எந்தச் சந்தில் எந்த நோயாளி இருந்தாலும் போய், மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்ப்பாள். என்னைவிட எவ்வளவோ இளையவள். தலைக்குப் பெரிதான ஒரு ஹெல்மெட், தோள்பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். நின்றபடியே பேசுவாள். உட்காரச் சொன்னால், “உக்காந்தா நீங்க டீ வாங்கிக் குடுப்பீய, டீ குடிச்சா பொறவு ஏச முடியாது” என்பாள். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள்.

அவளை நான் முதலில் பார்த்தது கருப்பசாமிக்காக மில் ஆட்கள் தங்கும் எங்கள் அறைக்கு அவள் வந்த அன்று. கருப்பசாமி வத்திராயிருப்புக்காரன், மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்தில் வேலை. எங்களுக்கெல்லாம் இருமல் என்றால் அது பஞ்சுத் தூசிதான். அதற்கு வைத்தியமும் ஒன்றுதான்: ஷிப்டு முடிந்ததும் ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு வாழைப்பழம். தூசியை அது வயிற்றுக்குள் இழுத்துப் போய்விடும் என்பார்கள். அவன் கருப்பட்டி தின்றே பல மாதங்களை ஓட்டினான். பிறகுதான் சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் தேறிவிட்டான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறினான்.

அவன் ஊர்ப்பக்கத்து ஆண்களுக்கு அந்த மலைதான் டாக்டர். பாறையும் ஓடையும் தாண்டி மேலே போய்க் கும்பிட்டுவிட்டுச் சொந்தக் காலில் இறங்கி வந்துவிட்டால் உடம்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இறங்கி வந்தவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஆனால் மிஸ்டு காலை நிறுத்தவில்லை. அப்போது மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினால் அடியில் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் விழுங்கியதாக ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள். கருப்பசாமி பிதுக்குவான், மிஸ்டு கால் கொடுப்பான், மாத்திரையைச் சாக்கடையில் போடுவான்.

அன்று அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவில் நின்றாள்.

“கருப்பசாமி அண்ணே, மாத்திரை போடுதீயளா?”

“அதான் மிஸ்டு கால் வருதுல்லா மேடம்?”

“வருது. தெனமும் காலைல டாண்ணு வருது. அதான் சந்தேகமாப் போச்சு. மனுசன்னா ஒரு நாளாவது பிந்தும்லா?”

“ஒழுங்கா இருந்தாலும் குத்தமா?”

“மூத்திரம் செவக்குதா?”

அறையில் நாலு பேர் இருந்தோம். ஒருவன் சிரித்துவிட்டான். அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

“செவக்கு, செவக்கு” என்றான் கருப்பசாமி.

“அப்போ இந்தப் பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்க. நான் அங்கிட்டுத் திரும்பி நிக்கேன்.”

“ஏலே, இந்தப் பொம்பளைய யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்கலே!”

அவன் கத்தக் கத்த அவள் அசையவில்லை. செத்த நேரம் கழித்து அவனே பாட்டிலை வாங்கிப் போனான். கொண்டுவந்தது கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கருப்பசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“மலை ஏறிட்டேன் மேடம். ஒரு இருமல் வரல. செத்துப்போன கிருமிக்கு எதுக்கு மாத்திரை?”

“அது சாகல அண்ணே. அடங்கியிருக்கு.”

மறுநாள் அவன் ஊருக்குப் போய்விட்டான். பொங்கல் கழிந்து திரும்பி வந்தபோது கழுத்து எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. துண்டில் ரத்தம். இந்தத் தடவை பழைய மாத்திரை அவனுக்கு எடுபடவில்லை. வேறு மாத்திரைகள், நீண்ட வைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் அவள் சளி டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் நோய் இருந்தது. பழைய மாத்திரைக்கே கேட்கும் கிருமிதான் என்றும் சொன்னாள்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்ல யாருக்குத் தகவல் சொல்லணும்?”

“யாரும் இல்ல தாயி.”

“அப்போ கோவம் வந்தா என்னையத்தான் ஏசணும். ஏசுததுக்கு ஒரு ஆளு வேணும்லா, இந்த மாத்திரைக்கு.”

அவள் சொன்னது சரிதான். முதல் மாதம் முழுக்கக் குமட்டல். மூட்டெல்லாம் வலி. மில்லில் என்னைப் பஞ்சுப் பக்கமே விடாமல் முற்றம் கூட்டப் போட்டார்கள். காலையில் அவள் வந்து நின்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவேன். கவர்மெண்டு எனக்கு விஷம் வைக்குது என்பேன். ஒனக்கு வேற வேலையே இல்லையா என்பேன். அவள் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டே, “நல்லா ஏசுங்க, விழுங்கிட்டு ஏசுங்க” என்பாள்.

கத்துகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. ‘சரிம்மா, போட்டுட்டேம்மா’ என்று பதமாகச் சொல்கிறவர்களின் வீட்டுக்குத்தான் மத்தியான வெயிலில் இரண்டாம் தடவை போவாள். சத்தமில்லாத எதன்மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. தெருவில் படுத்திருக்கும் நாய் கண்ணை மூடியிருந்தால் சுற்றிக்கொண்டு போவாள், குரைக்கிற நாயைக் கடந்து நேராகப் போவாள். டீக்கடையில் அடுப்பை அணைத்த பிறகும் சிலிண்டர் வாயை ஒரு முறை திருகிப் பார்ப்பாள். கடைக்காரர், “இது எங்க கடைம்மா” என்றால், “இருக்கட்டும்ணே” என்பாள்.

இந்தக் குணத்தால் அவள் கெடுத்த காரியமும் உண்டு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண் ஒருத்தி அவளிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் வீடு பூட்டியிருந்தது, போனும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்ததில் சேத்தூரில் கல்யாணம் என்றார்கள். இவள் மொபெட்டைத் திருப்பி மண்டபத்துக்கே போய், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டிருக்கிறாள். அவள் காலையிலேயே போட்டிருந்தாள். மறுநாளுக்கானதும் பர்சில் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்து இலைக்காரிக்குக் காது நன்றாகக் கேட்கும். சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீடு வரைக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் வெகுநாள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் கதவிடுக்கில் நீட்டி மாத்திரையை வாங்கி, இவள் கண் முன்னால் விழுங்கிவிட்டுக் கதவைச் சாத்துவாளாம்.

இதை அவளே என்னிடம் சொன்னாள். “பந்தியில போயிக் கேட்டது தப்புத்தான் அண்ணாச்சி. அவிய மனசு நொந்து போச்சு. நானா இருந்தா என்னைய அடிச்சிருப்பேன்.”

“அப்போ இனிமே போகமாட்ட.”

“போவேன். மண்டபத்துக்கு வெளிய நின்னு கூப்பிடுவேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வந்தாள். வெள்ளைச் சேலை, மொபெட் கொக்கியில் பைபிள் பை. நான் மில் பக்கத்துப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது இருமல் நின்று இரண்டு வாரம் ஆகியிருக்கும். நல்ல பசி எடுத்தது. விழுங்கிவிட்டுக் கேட்டேன்: “நான்தான் தேறிட்டேனே தாயி, பொறவு யாருக்கு இந்த மாத்திரை?”

அன்றுதான் அவள் என்னோடு அதிக நேரம் பேசினாள். அப்போதும் உட்காரவில்லை.

“கிருமி நெஞ்சுக்குள்ள போனதும் நம்ம ரத்தத்துல இருக்க காவக்காரனுவ அதை முழுங்கிருவானுவ அண்ணாச்சி. முழுங்கிட்டு, உள்ள வச்சுப் புளிப்பை ஊத்துவான், திங்கதுக்கு ஒண்ணும் விடமாட்டான். பொறவு எல்லாரும் சுத்தி நின்னு சுவர் மாதிரி அடைச்சு, காத்தையும் நிறுத்துவானுவ. வேற கிருமின்னா அதுலயே செத்துரும்.”

“இது?”

“இதுக்கு மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. காத்து கொறையுதா, புளிப்பு ஏறுதா, சாப்பாடு நிக்குதான்னு மோந்துக்கிட்டே இருக்கும். தெரிஞ்ச ஒடனே வளருததை நிறுத்திரும். தோலைத் தடிப்பாக்கிக்கிடும். முன்னாடியே சேத்து வச்ச கொழுப்பைக் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுக்கிட்டு அப்படியே கெடக்கும். வருசக்கணக்காக்கூட.”

“மாத்திரைதான் உள்ள போகுதே, அதுல சாகாதா?”

“அதுலதான் இருக்கு வெனை. நம்ம மாத்திரையில ஒண்ணு, வீடு கட்டுதவன் கையில இருந்து செங்கலைப் பிடுங்குத மாதிரி. அவன் கட்டிக்கிட்டு இருந்தாத்தானே பிடுங்க முடியும்? கட்டாம முடங்கிக் கெடந்தா என்னத்தைப் பிடுங்க? மொத ரெண்டு மாசத்துல சாகுதது பூராம் ஓடியாடித் திரியுத கூட்டம். இருமல் நிக்கும், பசி எடுக்கும், மலை ஏறலாம். மிச்சம் இருக்கது முடங்கினது. அதுல ஒண்ணு ரெண்டு அப்பப்போ கண்ணு முழிக்கும். அந்த நேரத்துல மாத்திரை உள்ள இருக்கணும். என்னைக்கு முழிக்கும்னு நமக்குத் தெரியாதுல்லா? அதான் தெனமும்.”

“நடுவுல விட்டா?”

“பாதி அடி வாங்கினது தப்பிச்சு எந்திரிச்சு வரும். அடுத்த தடவை அந்த அடி அதுக்கு வலிக்காது. கருப்பசாமி அண்ணனைப் பாத்தீயள்லா?”

அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

“ஒங்களை மாதிரித்தான் அண்ணாச்சி அதுவும். கஷ்டம் வந்தா சத்தங்காட்டாம முடங்கிரும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. ஆறாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து நான் பிழைத்தது அப்படித்தான். சாயப்பட்டறை மூடப்போகிறது என்றால் முதலாளிக்கு முன்னால் என் உடம்புக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டை ஒரு வேளையாக்குவேன். பேச்சைக் குறைப்பேன். கேரளத்தில் மழை பிடித்து வேலை இல்லாத மாதத்தில், பாதி கட்டிய வீட்டுக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். மழை விட்டதும் எழுந்து வேறு ஊருக்குப் போனேன். யாரிடமும் உதவி கேட்டதில்லை, யாரிடமும் சொல்லிக்கொண்டும் போனதில்லை. என் நெஞ்சுக்குள் இருக்கிற ஒன்று என்னைவிட நன்றாக அதைச் செய்கிறது என்று கேட்டபோது அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. பயமும் வந்தது.

இருந்தாலும் கிளம்பினேன். ஒரே அறை, ஒரே முற்றம், ஒரே துடைப்பம். கால் நிற்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அவள் வந்தபோது சண்டை போடவில்லை. வாங்கி விழுங்கிவிட்டு, “சரி தாயி, நாளைக்கு நானே போட்டுக்கிடுதேன், நீ அலையாத” என்றேன். அவள் பாட்டிலை மூடாமல் சுவரில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால்தான் வலித்தது, நெஞ்சு வலிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து மதுரை பஸ் நிற்கும் இடத்தைத் தேடினேன். அந்த இடத்தில், மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“வாங்க” என்றாள். “மதுரைப் பக்கந்தான் போவீயன்னு நெனச்சேன். ராஜபாளையத்துல இருந்து வந்த பஸ் பூராவும் ஏறி எறங்கிட்டேன். நடந்து வருவீயன்னு யாரு கண்டா?”

“நீ எப்போ வந்த?”

“வழியில ஒரு ஆளு தோப்புக்குள்ள ஓடினாரு. அவசரமா ஒதுங்குதாருன்னு நெனச்சு மரியாதையா மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அது நீங்கதானா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து என் ஜன்னலில் கிடந்த அட்டையை எடுத்தாள்.

“வேண்டாம் தாயி. ராஜபாளையத்துல இருந்து நடந்தே வந்திருக்கேன். ஒரு இருமல் இல்ல. எளைப்பு இல்ல.”

“கருப்பசாமி அண்ணனுக்கும்தான் மலை ஏறையில எளைக்கல.”

மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். நான் படியைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இழுப்பாள், அழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் போனைக் கையில் எடுத்தாள்.

“போறதுன்னா போங்க அண்ணாச்சி, நான் மறிக்கல. எந்த ஊர்லயும் என்னைய மாதிரி ஒரு ஆளு இருக்கும். போற எடத்தைச் சொல்லுங்க, இப்பவே பேசுதேன். நாளைக்குக் காலைல அங்க வந்து மாத்திரை தருவாவ.”

“திருப்பூர்.”

“திருப்பூர்ல எங்க?”

எனக்குத் தெரியாது.

“யார் வீட்ல? எந்தக் கம்பெனியில? எந்தத் தெரு?”

திருப்பூரில் எத்தனையோ இடத்தில் தூங்கியிருக்கிறேன். ஒரு கதவு எண்கூட ஞாபகம் இல்லை. பஸ் புறப்பட்டுப் போனது.

“ஒங்களுக்கு வெலாசம் இல்ல” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “ஆனா அதுக்கு இருக்கு அண்ணாச்சி. ஒங்க நெஞ்சுல வலது பக்கம், மேல. எக்ஸ்ரேயில நானே பாத்திருக்கேன். நீங்க எங்க போனாலும் அது அங்கனதான் இருக்கும். நாலு மாசம் நீங்க ஒரு எடத்துல இருந்தா அது காலியாகும். இல்லன்னா நீங்க காலியாவீய. ரெண்டுல ஒண்ணு.”

பாட்டிலை நீட்டினாள். வாங்கி விழுங்கினேன். வாயைத் திறக்கச் சொன்னாள், திறந்து காட்டினேன். பக்கத்தில் பால்கோவா விற்றவர் எங்களை வேடிக்கை பார்த்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “பஞ்சு வேண்டாம், சிமெண்டு வேண்டாம், செங்கச்சூளையும் வேண்டாம். காத்தோட்டமா ஒரு வேலை பாருங்க. பாத்துட்டு எங்கேன்னு போன் பண்ணுங்க” என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். அன்று வேறு எவர் வீட்டுக்கோ போகவேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இரவு பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே படுத்தேன். பல பஸ்கள் வந்தன, போயின. எதிலும் ஏறவில்லை.

காலையில் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். மம்சாபுரம் சாலையில் ஒரு நர்சரியில் தண்ணீர் ஊற்ற ஆள் தேடுவதாகச் சொன்னார். அங்கே வரிசை வரிசையாகத் தென்னங்கன்றும் மாங்கன்றும் பையில் நின்றன. மேலே பச்சை வலை, நாலு பக்கமும் திறந்த வெளி. முதலாளி போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். விசாரணையும் அந்த மாதிரியே இருந்தது.

“எந்த ஊரு?”

“இங்கனதான், எல்லா ஊரும்.”

“ஒரு வாரத்துல ஓடிப்போற ஆளு எனக்கு ஆகாது. எம்புட்டு நாளு இருப்பீரு?”

இந்தக் கேள்வியை எத்தனையோ முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள். பார்ப்போம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

“நாலு மாசம்” என்றேன்.

“அதென்ன நாலு மாசம்?”

“எனக்குக் காசநோய் அய்யா. மாத்திரை நாலு மாசத்துக்குப் பாக்கி இருக்கு. இப்போ அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு சளியச் சோதிச்சுச் சொல்லிட்டாவ. காலைல ஒரு பொம்பளப்புள்ள இங்க வந்து மாத்திரை தரும். அது வந்தா உள்ள விடணும். நான் போட்டுட்டேன்னு சொன்னாலும் அது நம்பாது, நீங்களும் நம்பாதீய.”

வேலை கேட்கப் போன இடத்தில் இத்தனை வார்த்தை நான் பேசியதில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

“தண்ணி குடிக்க டம்ளர் தனியா வச்சிக்கிடும்” என்றார். “மோட்டார் சுவிட்சு அந்தா, வேப்ப மரத்துக்கிட்ட இருக்கு.”

பையை ஷெட்டில் மாட்டினேன். அவர் போனை வாங்கி அவளுக்கு இடத்தைச் சொன்னேன்: மம்சாபுரம் சாலை, பச்சை வலை போட்ட நர்சரி, வாசலில் தண்ணீர்த் தொட்டி. பிறகு மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்துக்கொண்டு போய், முதல் வரிசையில் முதல் கன்றிலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன்.